85 நாள், 17 புத்தகம்: டர்பனில் எனக்குக் கை கொடுத்த இ-ரீடர்

பிள்ளைப்பேறு பார்க்க வெளிநாடு போகும் அம்மாவின் பெட்டியில் புத்தகத்துக்கு இடம் கிடைப்பதில்லை. பிரசவ லேகியம், சுக்கு, வசம்பு, குழந்தைக்குத் துவைத்து மடித்த பழைய வேட்டித் துணி, மாப்பிள்ளைக்குப் பருப்புப்பொடி, வடகம் எல்லாம் அடுக்கிவிட்டுத் தராசில் வைத்தால் 22.6 கிலோ காட்டியது. அனுமதி 23. மேசை மேல் ஒன்பது புத்தகம் எடுத்து வைத்திருந்தேன். அத்தனையையும் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, மகன் வாங்கிக் கொடுத்து ஆறு மாதமாகச் சும்மா கிடந்த இ-ரீடரை, அதாவது மின்னூல் படிக்கும் கருவியை, கைப்பையில் போட்டுக்கொண்டேன். அது 2023 மே மாதக் கடைசி. மயிலாடுதுறையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து துபாய், அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன்.

விசா 90 நாள், நான் இருந்தது 85 நாள். 17 புத்தகம் படித்தேன். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு வருஷம் முழுக்கக்கூட அத்தனை படித்ததில்லை. மகள், மகன் வீட்டுக்குப் போகிற நம் ஊர்ப் பெரியவர்கள் இப்படி ஒன்றை வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 6 அங்குலத் திரை. கறுப்பு வெள்ளை மட்டும். எடை 200 கிராமுக்குள், அரை லிட்டர் பால் பாக்கெட்டில் பாதிகூட இல்லை. உள்ளே விளக்கு உண்டு. அந்த வெளிச்சத்தை வெள்ளையாகவும் வைக்கலாம், குத்துவிளக்கு மாதிரி மஞ்சளாகவும் வைக்கலாம்.

முதல் பாடத்தைத் துபாயிலேயே கற்றுக்கொண்டேன். வாங்கின புத்தகங்களின் அட்டையெல்லாம் வரிசையாகத் தெரிகிறது, தொட்டால் திறக்கவில்லை. அட்டை மட்டும் கருவியில் இருக்கிறது, உள்ளே இருப்பதை இன்னும் இறக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. விமான நிலைய வைஃபையோ என் போன் எண்ணைக் கேட்டு நிற்கிறது. நல்லவேளையாக இரண்டு புத்தகம் முன்பே திறந்து பார்த்தவை. துபாயிலிருந்து டர்பனுக்கு எட்டரை மணி நேரம், அந்த இரண்டையும் வைத்து ஓட்டினேன். கிளம்புவதற்கு முந்தின நாளே ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு தடவை திறந்து, நடுவில் நாலு பக்கம் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

மகள் வீடு ரிசர்வாயர் ஹில்ஸில். இந்திய வம்சாவளியினர் நிறைய இருக்கும் மேட்டுப் பகுதி. ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம், மாலை ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். அதோடு அந்த வருஷம் லோட்ஷெடிங். மின்வெட்டை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று போனில் அட்டவணை வந்துவிடும். போனால் இரண்டு மணி நேரம். நம் ஊர்க் கோடை நினைவுக்கு வந்தது, ஆனால் இங்கே இருட்டும் குளிரும் சேர்ந்துகொண்டது.

கருவியின் அருமை அப்போதுதான் தெரிந்தது. இந்தத் திரைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், இன்னொன்று கீழே போகும். மேலே வந்தது அங்கேயே நின்றுவிடும், அதைப் பிடித்து வைக்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் திருப்பும்போதுதான் செலவு, அப்புறம் விளக்குக்குக் கொஞ்சம். மாப்பிள்ளை இதை விளக்கிச் சொன்ன பிறகு, ஒரு தடவை சார்ஜ் போட்டால் பன்னிரண்டு நாள் எப்படி வருகிறது என்று புரிந்தது. வீட்டில் எல்லோரும் கரண்ட் வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு பிளக்கைத் தேடி ஓடுவார்கள். நான் ஓடவில்லை. (பிளக் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே சுவரில் இருப்பது பெரிய மூன்று வட்ட ஓட்டை, நம் வீட்டில் ஏ.சி.க்குப் போடும் 15 ஆம்பியர் பவர் பிளக் மாதிரி. போன் சார்ஜரின் சின்ன முள் அதில் நிற்காது. மாற்று பிளக் ஒன்று கையில் இருக்கட்டும்.)

டர்பனில் விடியற்காலை மூன்று மணி என்றால் மயிலாடுதுறையில் ஆறரை. என் உடம்பு விழித்துக்கொண்டு காபி கேட்கிற நேரம். அதனால் மூன்று மணிக் காவலை நானே எடுத்துக்கொண்டேன். மகள் பால் கொடுத்துவிட்டுப் படுப்பாள். குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, மடியில் கிடத்தி, அரை மணி நேரமாவது அசையாமல் உட்கார வேண்டும். இடது கை குழந்தைக்கு, வலது கை கருவிக்கு. மஞ்சள் வெளிச்சத்தைக் கடைசிப் படிக்குக் குறைத்துவிட்டால் குழந்தை முகத்தில் ஒன்றும் படாது. கட்டை விரலால் லேசாகத் தொட்டால் பக்கம் திரும்பும், தாள் சத்தம் கிடையாது. காகிதப் புத்தகத்தை ஒரு கையில் விரித்துப் பிடித்து இருட்டில் படிக்க முடியாது. போனில் படிக்கலாம், ஆனால் அந்த வெளிச்சத்துக்குப் பேரன் கண்ணை விழித்துவிடுவான்.

அந்த நேரத்துக்கு நான் வைத்துக்கொண்டது குறுந்தொகை. ஒவ்வொரு பாட்டும் நான்கடியிலிருந்து எட்டடிக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு பாட்டு, ஒரு பக்கம். அதைப் படித்துவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் அசை போடலாம். ஒரு இரவுக்கு மூன்று பாட்டுக்கு மேல் போகவில்லை.

ஆனால் செய்யுள் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய குறை இந்தக் கருவியில் ஒன்று உண்டு. எழுத்தைக் கண்ணுக்கு இதமான அளவுக்குப் பெரிதாக்கினால் நான்கு சீர் ஒரு வரியில் அடங்காது. நாலாவது சீர் உடைந்து கீழே விழுந்துவிடும். குறுந்தொகைப் பாட்டின் யாப்பான அகவலில் கடைசிக்கு முந்தின அடி மூன்று சீரோடு நிற்கும், அங்கே வரும்போது ஓசை லேசாக இறங்கும். அச்சில் அது கண்ணுக்கே தெரியும். இதில் எல்லா வரியும் ஏதோ ஓரிடத்தில் உடைந்திருப்பதால் எந்த அடி முச்சீர் என்றே தெரிவதில்லை. திருக்குறளிலும் இதே கதைதான், நான்கும் மூன்றுமாக இரண்டு வரியில் நிற்க வேண்டியது நாலு வரியாகக் கிடக்கிறது. கருவியைப் படுக்கைவசமாகத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அப்படி வைத்து ஒரு கையால் பிடிப்பது கஷ்டம். செய்யுள்தான் உங்கள் முக்கியப் படிப்பு என்றால் 6 அங்குலம் வேண்டாம், பெரிய திரை வாங்குங்கள்.

பகல் வேளையில் உரைநடை. உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரத்தை முதல் தடவையாக முழுக்கப் படித்து முடித்தேன். வீட்டில் இருக்கும் பிரதி படுத்துக்கொண்டு தூக்க முடியாத கனம். ஐந்து பாகம் கொண்ட பொன்னியின் செல்வனையும் ஏற்றி வைத்திருந்தேன், இரண்டாம் பாகம் வரை போனேன். நாலைந்து துப்பறியும் கதை, ஒரு மருத்துவ நூல், இரண்டு பயண நூல். எல்லாம் கலந்துதான் படித்தேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. எங்கே விட்டேன் என்பதைக் கருவியே நினைவில் வைத்துக்கொள்கிறது. பேறுகால வீட்டில் அது சின்ன உதவி இல்லை. எந்த வரியில் இருந்தாலும் எழுந்து ஓட வேண்டிவரும்.

இவற்றில் பாதிக்கு மேல் காசு கொடுத்து வாங்காதவை. மதுரைத் திட்டத்தார் 1998 முதல் தன்னார்வலர்களைக் கொண்டே தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். இலவசத் தமிழ் மின்னூல்கள் தளத்தில் இன்றைய எழுத்தாளர்கள் தாங்களே விரும்பிக் கொடுத்த நூல்கள் இருக்கின்றன. நாட்டுடைமையான நூல்கள் வேறு. இறக்கும்போது இபப் (EPUB) வடிவத்தைப் பார்த்து எடுங்கள், எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும். பழைய நூலைப் படம் பிடித்து வைத்திருக்கும் பிடிஎஃப் இந்தச் சின்னத் திரைக்கு ஆகவே ஆகாது. எழுத்து எறும்பு அளவுக்குத் தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். இரண்டு பிடிஎஃப் கொண்டுபோனேன், இரண்டையும் மூடி வைத்துவிட்டேன். சில கோப்புகளில் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டாமல் நடுவில் புள்ளிவட்டம் போட்டு நிற்கும். அது கோப்பைத் தயாரித்ததில் உள்ள பிழை, வேறு இடத்தில் தேடினால் நல்ல பிரதி கிடைக்கும். ஆங்கிலச் சொல்லைத் தொட்டால் அர்த்தம் வருகிறது, தமிழ்ச் சொல்லைத் தொட்டால் என் கருவியில் ஒன்றும் வரவில்லை. சங்கப் பாட்டு படிக்கிறவளுக்கு அது பெரிய குறை.

காந்தியின் சத்திய சோதனையைப் பள்ளிக்கூடத்தில் துண்டு துண்டாகப் படித்ததுதான். டர்பனில் இருந்துகொண்டு படித்தது வேறு அனுபவம். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயில் ஏறும்போது நண்பர் போலக் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுக்கிறார். ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின் எழுதியது. இருபத்து நான்கு மணி நேரப் பயணம். எடுத்த புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை, இரவு தூக்கமும் வரவில்லை என்று எழுதுகிறார். அந்தப் படிப்பிலிருந்து வந்ததுதான் ஃபீனிக்ஸ் பண்ணை. 100 ஏக்கர் வாங்கி, இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையின் அச்சுக்கூடத்தையே அங்கே கொண்டுபோனார்கள். 1903-இல் தொடங்கியபோது அந்தப் பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழிலும் வந்தது. பண்ணைக்குப் போன முதல் இரவே அச்சு இயந்திரத்தின் எண்ணெய் எஞ்சின் ஓடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பி, ஆள் மாற்றி ஆள் கையால் சக்கரம் சுற்றி அச்சடித்தார்கள். இந்த அத்தியாயத்தை நான் படித்தது ஒரு லோட்ஷெடிங் மாலை. ஹாலில் ஒற்றை மெழுகுவத்தி, அடுக்களையில் கேஸ் அடுப்பில் பத்தியக் குழம்பு. படித்துக்காட்டியதும் மாப்பிள்ளை, "ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துடலாம் அத்தை" என்றார்.

போனோம். காரில் கொஞ்ச தூரம்தான். 1985 கலவரத்தில் எரிந்து, திரும்பக் கட்டி 2000-இல் திறந்த வீடு அது. அச்சுக்கூடமும் இருக்கிறது. வாசலில் நின்று கைப்பையிலிருந்து கருவியை எடுத்து அதே அத்தியாயத்தை இன்னொரு தடவை படித்தேன். தில்லையாடி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம். அங்கே வள்ளியம்மை நினைவு மண்டபத்தை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் போராட்டத்தில் சேர்ந்து சிறைக்குப் போய், 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்துபோன பெண். தன் பெற்றோரின் ஊரை அவள் பார்த்ததே இல்லை. அந்த ஊர்ப் பக்கத்துக்காரியாகிய நான் அவள் போராடிய நாட்டில் நிற்கிறேன் என்ற நினைப்பு வந்ததும் எழுத்து மங்கிவிட்டது.

இனி அடுத்த வீட்டு அக்கா. இந்தக் கருவியைப் பற்றி எனக்கு இருக்கும் நல்ல எண்ணத்தில் பாதி அவரால் வந்தது.

அவருக்கு 78 வயது. என் மகள் அவரை ஆயா என்பாள், அங்கே பாட்டிக்கு அதுதான் சொல். துணி ஆலையில் தையல் மெஷினில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். 1860-இல் மதராஸிலிருந்து முதல் கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தார்களே, அந்த வழியில் வந்த குடும்பம். எந்த ஊர் என்று கேட்டால் "ஆர்க்காடு பக்கம்னு சொல்வாங்க" என்பார். அதற்கு மேல் தெரியாது. கீரையை ஹெர்ப்ஸ் என்பார், விபூதியைத் துண்ணூறு என்பார். நான் பேசுவது பெரும்பாலும் புரியும், பதில் பாதி ஆங்கிலத்தில் வரும்.

ஒருநாள் கீரைக்கட்டோடு வந்தவர் என் மடியில் இருந்த திரையை எட்டிப் பார்த்தார். "இது தமிழ்தானே தங்கச்சி? சின்னப் பிள்ளையில வெர்னாக் ஸ்கூல்ல மூணு வருஷம் சொல்லிக் குடுத்தாங்க. எல்லாம் மறந்துபோச்சு." சாயங்காலத்தில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத்தான் வெர்னாக் என்கிறார். ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது, இன்னொன்று மங்கல். நான் சும்மா எழுத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கடைசி அளவுக்கே போய்விட்டேன். ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் நின்றது. குழந்தைக் கதைத் தொகுப்பு ஒன்று இருந்தது, அதைத் திறந்து கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் "கா... க... ம்" என்றார். "காகம்! க்ரோ!" என்று அவரே கையைத் தட்டிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மதியம் மூன்று மணிக்கு வந்துவிடுவார். முதலில் ஒரு தொல்லை இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் விரலை வைத்துத்தானே படிப்பார்கள்? விரல் பட்டதும் பக்கம் ஓடிவிடும். இரண்டு தடவை அப்படி ஆனதும் கருவியைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து மடியிலேயே வைத்துவிட்டார். அப்புறம் ஒரு பென்சிலைத் திருப்பி மரப்பக்கத்தைக் கொடுத்தேன், அதற்குத் திரை அசையவில்லை. பென்சிலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்தார். பக்கத்தைப் பொத்தானால் திருப்புகிற மாதிரிக் கருவிகள் உண்டு. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைப் பார்த்து வாங்குவது நல்லது.

இரண்டாவது தொல்லையை நான் எதிர்பார்க்கவே இல்லை. 'மலை' என்ற சொல்லில் நின்றுவிட்டார். ம தெரிகிறது, அடுத்தது என்ன என்று தெரியவில்லை. நான் 'லை' என்றேன். "இல்லை தங்கச்சி, லை இப்படி இருக்கும்" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். மேலே தும்பிக்கை தூக்கின பழைய லை! தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, ளை, னை எல்லாம் மாறிவிட்டன. அவர் படித்தது 1950-களில், மாறிய சேதி அவர் வரைக்கும் போய்ச் சேரவில்லை. நானும் சின்ன வயதில் அந்தத் தும்பிக்கை எழுத்தைத்தான் எழுதினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அதை ஒருவர் கையால் எழுதிப் பார்த்தது அந்த வீட்டில்தான். பழைய எழுத்துருவைத் தனியாக ஏற்றலாம் என்றார் மாப்பிள்ளை, குழந்தைக்குத் தடுப்பூசி, என் ஊர் திரும்பல் என்று அதற்கு நேரம் வாய்க்கவில்லை. ஒரு தாளில் புது எழுத்தையும் பழைய எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

ஐந்து வாரத்தில் மூன்று கதை முடித்தார். காகிதப் புத்தகம் கொண்டுபோயிருந்தால் இது நடந்திருக்காது. அந்தச் சின்ன எழுத்து அவர் கண்ணுக்கு ஆகியிருக்காது.

அதே அக்காவுக்கு ஒரு புத்தகம் கொடுத்துவிட்டு வர முடியாததுதான் இந்தக் கருவி மேல் எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல். காசு கொடுத்து வாங்கின மின்னூல் என் கணக்கோடு கட்டுண்டது. எடுத்து இன்னொருவர் கையில் வைக்க வழியில்லை. முதல் பக்கத்தில் பெயர் எழுதி, தேதி போட்டு, "அக்காவுக்கு" என்று கொடுக்க முடியாது. நான் போன கடைகளில் தமிழ்ப் புத்தகம் கண்ணில் படவில்லை. ஆங்கிலப் புத்தகமே அங்கே விலை அதிகம், புத்தகத்துக்கும் 15 சதவீத வாட் வரி உண்டு. நாலு கிலோ வடகத்துக்குப் பதில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் இரண்டு கொண்டுபோயிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இரவில் விழித்திருக்க வேண்டியவர்கள், பெட்டியில் இடம் இல்லாதவர்கள், கண் மங்கியவர்கள் யோசிக்கவே வேண்டாம். 6 அங்குலம் கைக்கு அடக்கம், கதை கட்டுரைக்குப் போதும். செய்யுளும் பழைய பிடிஎஃபும் படிக்கிறவர்கள் 8 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். மஞ்சள் வெளிச்சம் கட்டாயம் இருக்கட்டும். அதோடு, போகிற ஊரில் யாருக்காவது கொடுக்க ஒரு காகிதப் புத்தகத்தையும் பெட்டியில் எப்படியாவது செருகிவிடுங்கள்.

கிளம்புகிறதுக்கு முந்தின நாள், உரிமத் தடை இல்லாத கதைகளாக நாலு எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, மாப்பிள்ளை தன் பிரிண்டரில் அச்செடுத்தார். 62 தாள் வந்தது. மகள் பழைய நைலக்ஸ் துண்டால் அட்டை தைத்தாள். முதல் பக்கத்தில் பெயர் எழுதித் தேதி போட்டுக் கொடுத்தேன். ஊர் வந்து பத்து நாள் கழித்து மகள் போனிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அக்காவின் குரல், நாலாவது கதையின் முதல் பக்கம். ஒவ்வொரு சொல்லாக வருகிறது, நடுவில் பேரன் அழுகிற சத்தம். 'பானை' என்ற இடத்தில் ஒரு நொடி நின்று, தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது, நான் எழுதிக் கொடுத்த எழுத்து அட்டவணையைத் தேடுகிறார். அப்புறம் "பானை" என்றார்.